ஆறிய பிறகு பார்த்தவர்கள்

நேற்று உன் காரின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். வாயு மருந்து பாட்டில் ஒன்று மூடி இறுகாமல் சாய்ந்து கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வழிந்து, இன்சூரன்ஸ் தாளும் உன் பைபிள் வசன அட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தன. வெயிலில் வெந்துபோன இனிப்பும் புதினாவும் கலந்த நாற்றம். எந்தச் சனியன் இதை இங்கே வைத்தது என்று திட்டிக்கொண்டே பாதி துடைத்த பிறகுதான் நினைவு வந்தது. வைத்தது நான். பெரியபாளையம் மருந்துக் கடையில் வாங்கி உன் கையில் கொடுத்து, "ரெண்டு மூடி குடி, சரியாப்பூடும்" என்று சொன்னதும் நான்தான்.

நீ ஸ்டோர்ஸ், நான் குவாலிட்டி. கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் ஆறு வருஷம். நான் கடம்பத்தூரில் ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கும்போது ஸ்டேஷன் வாசலில் என்ஜினை அணைக்காமல் காத்திருப்பாய். ஒரு நிமிஷம் தாமதமானாலும் ஹாரன் அடித்து ஆட்டோக்காரர்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வைப்பாய். "சீக்கிரம் ஏறு சுமதி. அணைச்சேன்னு வெச்சிக்கோ, ரெண்டு பேரும் இங்கியே நாஷ்டா துன்னுக்கினு உக்கார வேண்டியதுதான்."

உன் வண்டியின் குணம் அது. காலையில் ஒரே சுற்றில் பிடிக்கும். பெரியபாளையம் வரை சமர்த்தாக ஓடும். டீக்கு நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷத்தில் சாவியைத் திருப்பினால், செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் மட்டும் பிடிக்காது. அரை மணி நேரம் ஆற விட்டால் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். பெட்ரோல் பங்க்கில் ஒருமுறை அப்படி நின்றபோது பின்னால் இருந்தவன், "லேடீஸ் வண்டின்னாலே பேஜாருதான்" என்று சத்தமாகச் சொன்னான். நாம் இருவரும் இறங்கித் தள்ளினோம். அவன் இறங்கவில்லை.

மூன்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனாய். மூன்றிலும் ஒரே கதை. ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்து, நன்றாக ஆறிய பிறகு சாவி போட்டுப் பார்ப்பார்கள். உடனே பிடிக்கும். "வண்டில ஒண்ணுமே இல்ல மேடம். நீங்க ஆக்ஸிலேட்டர மிதிக்கிற மிதில அடச்சிக்கினு இருக்கும்." அப்படிச் சொன்ன வாயால் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். பிறகு பிளக். பிறகு பெட்ரோல் பம்ப். நீ விடாமல் சொன்னாய்: "சூடா கீறப்ப பாருய்யா. ஆறிப்போனப்பறம் பாத்தா அது நல்ல புள்ள வேஷம் போடும்." எங்கே நிறுத்தினாய், எத்தனை நிமிஷம், பிடித்ததா இல்லையா என்று ஸ்டோர்ஸ்காரி புத்தியோடு ஒரு தாளில் எழுதி நீட்டினாய். மூன்றாவது இடத்து மெக்கானிக் அதை வாங்கி, படிக்காமல், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துப் போட்டான். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் பக்கத்துக் கடைக்காரர்களே வெளியே வந்துவிட்டார்கள். நீதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

அதே மாதத்தில்தான் உனக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்தது. ஸ்டோர்ஸில் மேல்தட்டுக்குப் போகும் இரும்புப் படி ஏறும்போது மட்டும் வரும். இடது கை வரைக்கும் இழுக்கும். உட்கார்ந்தால் போய்விடும். கம்பெனி மருத்துவ அறையில் இருக்கிறாரே ஒருவர், நீ போனதும் உன்னைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனில் பேசப் போனார். கால் மணி நேரம் கழித்து வந்து நெஞ்சில் ஈ.சி.ஜி. மிஷினை ஒட்டி ஒரு தாள் எடுத்தார். "எல்லாம் நார்மல். கேஸ்தான். நாஷ்டா துன்னாம வராதீங்க."

நீ திரும்பி வந்து என்னிடம், "ஏறும்போதுதான்டீ வருது, படுத்தா எப்டி தெரியும்?" என்று கேட்டாய். நான் அவர் பக்கம் பேசினேன். மிஷின் பொய்யா சொல்லும் என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்த மருந்தை வாங்கினேன். மருந்துக் கடையிலிருந்து வந்து சாவியைத் திருப்பினால், வண்டியும் பிடிக்கவில்லை. நீ சீட்டைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாய்: "வுடு. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்தா அதுவும் சரியாப்பூடும், நானும் சரியாப்பூடுவேன்." நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்திலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதியில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு அந்த மருத்துவ அறை ஆளும் வந்திருந்தார். கையில் கூல்டிரிங்க்ஸ் வைத்துக்கொண்டு, "அன்னிக்கி நாந்தான் பாத்தேன், நார்மலாதான் இருந்தாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஒரு உறிஞ்சு. சீ.

உன் தம்பி காரைத் தொடக்கூட விரும்பவில்லை. "இந்த ஓட்ட வண்டி எங்களுக்கு வாணாங்க்கா, நீங்களே வெச்சிக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டான். போன வாரம் கவரைப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வண்டியை விட்டுவிட்டுப் போகமாட்டேன், நீங்கள்தான் என்னோடு வர வேண்டும் என்று நின்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான். பெரியபாளையம் போய், நம்முடைய அதே டீக்கடையில் நிறுத்தி, டீ குடித்து, சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. அவன் பானட்டைத் தூக்கினான். கட்டைவிரல் அளவு ஒரு சென்சார். டீக்கடைத் தண்ணீரில் துணியை நனைத்து அதன்மேல் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

"இதாம்மா. சூடானா வேல செய்யாது, ஆறுனா நல்லா கீது. சூட்டோட பாத்தாதான் தெரியும். இத்தினி நாளா யாருமே பாக்கலியா?"

அந்தக் கேள்வியோடு வாயில் மிச்சமிருந்த டீ ருசி கசந்துவிட்டது. அந்த மூன்று ஒர்க்‌ஷாப்காரர்கள் மேலும், கூல்டிரிங்க்ஸ்காரர் மேலும் எனக்கு இருந்த வெறுப்பெல்லாம் அப்படியே என் பக்கம் திரும்பியது. என் வேலை என்ன, சொல். ஒரு பாகம் வந்தால் அது ஓடுகிற சூட்டில், தாங்க வேண்டிய பாரத்தில் வைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். சும்மா மேஜைமேல் வைத்துப் பார்த்து எதையும் ஒருநாளும் பாஸ் செய்ததில்லை. உன் காரை ஆறிய பிறகு பார்த்தார்கள் என்று தெருவில் நின்று சண்டை போட்டவள், உன்னைப் படுக்க வைத்துப் பார்த்த தாளை மட்டும் நம்பினேன். அவர்களாவது யாரோ. எனக்கு நீ யார்?

இன்று காலை பேக்கிங்கில் வேலை செய்யும் ஒரு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதி வழியில், "எக்கா, வாயு மருந்து எதுனா கீதா? படியேறுனா நெஞ்சு அடைக்குது. இப்ப பரவால்ல" என்றாள். என் கை டாஷ்போர்டு வரைக்கும் போய்விட்டது. பழக்கம். அப்படியே வண்டியைத் திருவள்ளூருக்குத் திருப்பினேன். ஷிப்ட் போயிடுமேக்கா என்று அழாத குறையாகக் கேட்டாள். போகட்டும் என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கட்டிலில் படுக்கச் சொன்னதும், "படுக்க வெச்சிப் பாத்தா ஒண்ணும் தெரியாது சார், நடக்க வெச்சிப் பாருங்க" என்றேன். நீயா டாக்டர், நானா டாக்டர் என்பது போல ஒரு பார்வை. நான் நகரவில்லை.

உள்ளே இப்போது நெஞ்சில் ஒயர்களோடு ஓடுகிற பெல்ட்டின்மேல் நடந்துகொண்டிருக்கிறாள். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒன்றும் இல்லை என்று வந்தால் வரட்டும், சூட்டோடு பார்த்துவிட்டுச் சொல்லட்டும். நேற்றிலிருந்து மூன்று முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அந்தப் பிசுபிசுப்பு விரலைவிட்டுப் போகவில்லை.