அப்பாவின் காதுக்குச் செய்த பெட்டி

என் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் பார்த்தேன், கை போகமாட்டேன் என்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்பது எங்களுக்கு மட்டுமில்லை கண்ணு, இந்தக் கட்டடத்துக்கே தெரிந்துபோய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை உன் கையில் கொடுப்பவள் எங்கள் மேல்மாடி நர்ஸ், லீவு முடிந்து உன் ஊருக்குத்தான் திரும்புகிறாள், நல்ல பெண். உன் வீட்டுப் பக்கமே தலைவைக்காமல் நேரே ஆபீசுக்கு வந்து உன்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. உன் போனை மாப்பிள்ளை வாங்கிப் பார்க்கிறார் என்று நீதான் சொன்னாய். ஆபீஸ் போனிலிருந்து நீ கூப்பிட்டால்தான் உண்டு, அந்த நம்பருக்கு நாங்கள் திருப்பிக் கூப்பிட்டால் போவதில்லை. அன்றைக்குப் பேசியதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை. வேலை அதிகம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், மனது கேட்டால்தானே.

நடந்ததைச் சொல்கிறேன், அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய புதுப் போன் வந்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. போனைக்கூட அவ்வளவு கொண்டாடவில்லை, அது வந்த பெட்டியைத்தான் கொண்டாடினார். ஊரெல்லாம் போனை எடுத்துக்கொண்டு பெட்டியைக் குப்பையில் போடும், என் மகள் வரைந்த பெட்டியை அப்படிப் போட முடியாது, மூடியைப் பின்னால் மடித்துப் போனை இந்தப் பள்ளத்தில் நிறுத்தினால் கரண்ட் வேண்டாம் ஒயர் வேண்டாம், சத்தம் பெரிதாகி முன்னால் வரும் என்று பால்காரர் முதல் மீட்டர் பார்க்க வந்தவர் வரைக்கும் செய்து காட்டியாயிற்று. வெறும் அழுத்தின அட்டை, உள்ளே மட்டும் நத்தை ஓடு போல வளைத்திருக்கிறாய், அதற்குள் இவ்வளவு தொண்டையா என்று எனக்கே ஆச்சரியம்தான். கம்பெனியில் போன் பெட்டி வரைகிற மற்றவர்கள் பாட்டுக் கேட்பதை நினைத்து வரைந்தார்கள், நான் அப்பா காதை நினைத்து வரைந்தேன் என்று நீ சொன்னாயே, அதை மட்டும் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொல்வார். ஆணித் தொழிற்சாலையில் மெஷின் பக்கத்திலேயே நின்று இரண்டு காதையும் அதற்குக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். காதில் மாட்டுவதற்கு வாங்கிக்கொடுத்ததை டப்பாவோடு பீரோவில் வைத்துவிட்டு, உன் பெட்டியைத் தலையணை பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

நம் வீட்டில் டவர் சமையலறை ஜன்னலில்தான் ஒழுங்காகக் கிடைக்கும், அது உனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே காற்றுக்காகக் கட்டடத்துக்கு நடுவில் விட்ட அந்த டக்ட், எல்லா வீட்டுச் சமையலறையும் அதைப் பார்த்துத்தான் இருக்கிறது, ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் கீழிருந்து மொட்டை மாடி வரைக்கும் கேட்கும். அன்றைக்கு நீ கூப்பிட்டபோது நான் தையல் கடையில் இருந்தேன். அப்பா பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறார், உன் பேர் வருகிற திரை தனக்குத் தெரிய வேண்டும் என்று அதைத் திருப்பி வைத்திருக்கிறார், பெட்டியின் வாய் டக்ட் பக்கம் போய்விட்டது. அதனால் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டார். நான் கடை முடிந்து வந்து கீழே படியில் கால் வைக்கிறேன், உன் குரல் கேட்கிறது. நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்து ஒரு நிமிஷம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், சுண்டு. அப்புறம்தான் நீ அழுகிறாய் என்று புரிந்தது. கையை முறுக்கினதில் மணிக்கட்டு வீக்கம் இன்னும் வற்றவில்லை என்கிறாய், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துவிட்டார் என்கிறாய், ஆபீஸ் தோழி ஒரு ரூம் பார்த்துக் கொடுத்திருக்கிறாள், மாசக் கடைசியில் அவர் வெளியூர் வேலைக்குப் போகும்போது கிளம்பிவிடுகிறேன் என்கிறாய். உங்கப்பாவின் பழக்கம்தான் தெரியுமே, காதில் விழுந்தது சரியா என்று ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வார். என்னம்மா, மாசக் கடைசியா, ரூம் பாத்துட்டியா, அவரு ஊர்ல இருக்க மாட்டாரான்னு கடைவீதியில் ஏலம் விடுகிறவர் மாதிரி அவர் கேட்க, நீ ஆமாம் ஆமாம் என்று சொல்ல, நான் மூச்சிரைக்க மாடி ஏறுகிறேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள், நம் வீட்டில் சுவருக்கு இருக்கிறது, மனுஷனுக்குத்தான் இல்லை.

யார் கேட்டாலும் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் முதல் மாடியைத் தாண்டும்போது உன் சின்ன மாமியார் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம், சட்டென்று குழாய் நின்றது. குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் சித்தி, இந்தச் சம்பந்தத்தையே கொண்டுவந்தவள், அவள் காதில் விழுந்தது உன் மாமியார் காதில் விழ எவ்வளவு நேரம் ஆகும். கட்டடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்ததே நீதானே. நான் மேலே போய்ப் போனைப் பெட்டியிலிருந்து பிடுங்குவதற்குள் நீ பேசி முடித்து வைத்துவிட்டாய். அப்பா என்னைப் பார்த்து, நம்ம பொண்ணு பேசினது இன்னிக்குத்தான் ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். காது இருந்தபோது காப்பாத்த வேண்டிய அவசியம் வரல, இல்லாதபோது காட்டிக் கொடுத்துட்டேன் என்றார். பெட்டியைக் கிழிக்கப் போனார், நான்தான் பிடுங்கி உன் அலமாரியில் வைத்தேன், அது என்ன பாவம் செய்தது. உன் சின்ன மாமியார் வழக்கம்போல வந்து வம்பளந்திருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். அவளோ அன்றிலிருந்து படியில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். வாயை மூடத் தெரியாதவள் வாயை மூடிக்கொண்டால் அதைவிடப் பயம் வேறு என்ன இருக்கிறது. மாவு சலிக்கும்போதும் துணிக்கு அளவு எடுக்கும்போதும் உன் மணிக்கட்டுத்தான் கண் முன்னால் வருகிறது, ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். கடைக்காரர், வீட்டுக்குப் போங்கம்மா என்று மட்டும் சொன்னார்.

நேற்று அவள் தையல் கடைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு திரைச்சீலை, ஓரம் அடிக்க வேண்டுமாம், ஓரம் ஏற்கெனவே அடித்துத்தான் இருந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, எனக்கும் அவளுக்கும் நடுவில் மறைப்பு மாதிரி வைத்துக்கொண்டு பேசினாள். அன்னிக்கு எனக்கு எல்லாம் கேட்டுச்சு, ஆனா என் வாயால எதுவும் போகல என்றாள். நேற்று முன்தினம் அவள் அக்கா, அதாவது உன் மாமியார், போன் பண்ணி, உன் மேல் வீட்டுக்காரி பொண்ணு தனியா ரூம் பாத்திருக்காளாமே, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாளாம். மாப்பிள்ளை வெளியூர் வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம், ஆனால் உன்னிடம் போவதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். போற மாதிரி போய்ட்டுத் திரும்பி வந்து வாசல்ல நிப்பான், அவன் அப்பாவும் இப்படித்தான் என் அக்காவைப் பிடிச்சாரு, மாசக் கடைசி வரைக்கும் வச்சுக்காதீங்க என்றாள். அப்புறம் திரைச்சீலையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நம்புவதா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க அப்பாவும் நானும் சைகையிலேயே பேசினோம், வாயைத் திறக்கப் பயம். உன் மாமியாரிடம் சொன்னவள் அவளாகவே இருக்கலாம். சொல்லிவிட்டு, ஐயோ என்னாகுமோ என்று பயந்து என்னிடம் வந்திருக்கலாம். எப்படி இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், அவனுக்குத் தெரிந்துவிட்டது. பார், அவன் என்று எழுதிவிட்டேன். இத்தனை நாள் மாப்பிள்ளை, அவர் இவர் என்று எழுதின கை. அதை அடித்துத் திருத்தப்போவதில்லை, இருக்கட்டும்.

அதனால் சொல்கிறேன், கவனமாகக் கேள். இன்றைக்கு நீ வீட்டுக்குப் போகாதே. தோழி பார்த்த ரூமுக்கும் போகாதே, அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கும். நர்ஸ் கீழே காத்திருப்பாள், அவளோடு அவள் விடுதிக்குப் போ, பெண்கள் மட்டும் இருக்கிற இடம், வாசலில் ஆள் இருக்கிறார், உன்னைப் பற்றிப் பேசி வைத்திருக்கிறாள். துணி, சான்றிதழ், நகை எதையும் எடுக்கத் திரும்பாதே. பாஸ்போர்ட்டுக்கு என்ன வழி என்று அவளுக்குத் தெரியும், காணோம் என்று எழுதிக் கொடுத்து வேறு வாங்கலாமாம். ஒரே ஒருதடவை போய்ப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று உனக்குத் தோன்றும், நீ என் மகள், எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். வேண்டாம் தாயே. மணிக்கட்டை டாக்டரிடம் காட்டு, இரும்புச் சட்டி மாதிரி எதையும் அந்தக் கையால் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஊர் என்ன சொல்லும், அப்பாவும் அம்மாவும் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்கள் என்று இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாயே, ஊர் கேட்டாயிற்று. நேற்று எதிர்வீட்டு டிரைவர் அப்பாவிடம், பொண்ணு எப்ப வந்தாலும் ஏர்போர்ட்டுக்கு நான் வண்டி எடுத்துட்டு வரேன்னு காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டுப் போனார். நாம் பயந்த ஊர் அவ்வளவுதான் போலிருக்கிறது. எனக்கு இப்போது ஊரைப் பற்றிப் பயமில்லை, நீ இதைப் படிப்பதற்கும் அவன் உன்னைத் தேடி வருவதற்கும் நடுவில் இருக்கிற நேரத்தைப் பற்றித்தான் பயம்.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும், ஒரு முள்கூட உன்மேல் படக்கூடாது, எங்கள் ஆயுசையும் சேர்த்து உனக்கே கொடுக்கட்டும். அப்பா பேனாவை வாங்கி ஏதாவது எழுதுகிறேன் என்றார், வாங்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறந்துவிடாதே, படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதே என்று எழுத வந்தேன். பைத்தியக்காரி நான். நீதான் அந்த வீட்டுக்குப் போகப் போவதில்லையே. வைத்துக்கொள்.

உன் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்
அம்மா