பள்ளிக்கூடத்துக்கு எதிரே வீரமுத்து

உலு திராம்,
ஆடி மாதம், 1934

சௌபாக்கியவதி புஷ்பவள்ளிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனதளவில் இல்லை. பினாங்கில் நீங்கள் மூவரும் இரண்டிலும் சுகமாயிருக்க முருகன் துணை. மழை விடவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும், நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது.

வீரமுத்து என்ற பெயரை உனக்கு நான் எழுதியதில்லை, பயப்படுவாயென்று. எனக்கு முன் இந்த ரப்பர் தோட்டப் பள்ளியில் இருந்த வாத்தியார் அவன் மகனை அறைந்ததில் பையனுக்கு ஒரு காது செவிடாகி, அதற்காக இவன் பால்வெட்டும் கத்தியால் வாத்தியாரின் வலக்கையைக் கிழித்துச் சிறைக்குப் போனான். அப்படிக் காலியான வேலைதான் எனக்குக் கிடைத்தது. அவன் பெண்டாட்டியும் மகனும் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். போன மாதம் விடுதலையாகி வந்தவன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்தான், தினமும் உட்காருகிறான். அன்று முதல் நான் பிரம்பைத் தொடவில்லை. வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னவனிடமும் பரவாயில்லை ராசா என்கிறேன். பெரிய பையன்கள் சின்னவர்களை அடிப்பதும் குறைந்துவிட்டது, நான் அடித்துக் காட்டாததால் மறந்துவிட்டார்கள் போலும். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி என் அன்பு முறையைப் புகழ்ந்தார். அந்த அன்பு என் முதுகில் வியர்வையாக ஓடியதை அவர் பார்க்கவில்லை. ஒருநாள் கனகராஜ் என்ற பையன் இன்னொருவன் மண்டையில் சிலேட்டை உடைத்தபோது பழக்கத்தில் கையை ஓங்கிவிட்டேன். மரத்தடியில் வீரமுத்து எழுந்து நின்றான். ஓங்கிய கையால் அப்படியே கனகராஜின் தலையைத் தடவிக்கொடுத்தேன். பையன் அதற்குத்தான் பயந்து அழுதான்.

முந்தாநாள் தங்கராஜு கங்காணி வந்து, "கத்தி எடுத்தவன் இங்க இருக்கக்கூடாது வாத்தியாரே, தொரைக்கு இங்கிலீசுல நாலு வரி எழுதிக் குடுங்க, நாளைக்கே தொரத்திடுவாரு" என்றார். சந்தோஷமாகத் தாளை எடுத்தேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் கைவலி என்று ஏற்கெனவே மறுத்துவிட்டாராம். இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் மிச்சம் நான் ஒருவன்தான், எழுதியது யாரென்று வீரமுத்து விசாரிக்கவே வேண்டாம் என்பது அப்புறம்தான் உறைத்தது. தாளை மடித்து வைத்தேன். நேற்றுப் பள்ளி விட்டதும் அவனிடமே போய், ஏனப்பா இங்கேயே உட்காருகிறாய் என்று கேட்டேன். "வேற எங்கயும் ஒக்கார விடலீங்க. கோயில்ல வெரட்டுறாங்க, கடையில வெரட்டுறாங்க, லயத்து வீடுங்க பக்கம் தண்ணிக் கொழாகிட்டக்கூட நிக்க விடல. நீங்க மட்டுந்தான் ஒண்ணும் சொல்லல. புள்ளைங்களயும் அடிக்கிறதில்ல. நல்ல மனுசருங்க நீங்க" என்றான். புஷ்பம், என் ஆயுளில் யாரும் என்னை இவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டதில்லை. திருத்தத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு எழுந்து நின்றாயே என்றேன். "கட்டெறும்புங்க" என்றான்.

மடித்த தாளை எடுத்து எழுதினேன், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சுமக்க வீரமுத்துவை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமென்று. கங்காணியிடம் சொல்லிவிட்டே இன்று காலை துரையிடம் கொடுத்தேன். "அப்ப நீங்களும் அவனோட சேந்து பொட்டியக் கட்டுங்க" என்றார் கங்காணி. துரை அவர் பேச்சைத்தான் கேட்பார். இதுவரை கத்திக்கு மட்டும் பயந்தேன், இப்போது வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பயப்படுகிறேன். அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். உங்கள் பின்பக்க அறையில் இடமிருக்குமா என்று மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டு வை.

மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். பேரனைச் சேர்க்க நன்றாக அடிக்கும் வாத்தியாராகத் தேடுவதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். அடிக்காதவராகப் பார்க்கச் சொல். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், பயந்தவராகப் பார்த்துச் சேர்க்கச் சொல்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
சதாசிவம்