ஒரு சீசா கடல்

கோச்சடை,
1936, ஐப்பசி 12

அன்பு மகன் நல்லகாமனுக்கு அப்பன் பேயாண்டி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் ஆத்தாளும் உழவு மாடு இரண்டும் நலம். தனுஷ்கோடியில் நீ நலம் என்று உன் கடிதத்தில் கண்டோம், அதே கடிதத்தால் இங்கே உன் கல்யாணத்துக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று.

ராத்திரியில் அலை நீலமாக எரிகிறது, கால் வைத்த இடமெல்லாம் மின்னுகிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, பெருமை தாங்காமல் அதை உன் தாய்மாமன் விருமாண்டியிடம் வாசித்துக் காட்டிவிட்டேன். அவன், "தண்ணி எங்கயாச்சும் எரியுமா மச்சான்? மாப்ள குடிச்சிட்டு எழுதியிருக்காரு, குடிகாரனுக்கு எம் மக ஜெயக்கொடியக் குடுக்க மாட்டேன்" என்று தைக்குப் பேசிய கல்யாணத்தை நிறுத்திவிட்டான். அவன் எங்கிருந்து வந்திருந்தான் என்பதை வாடையே சொல்லிற்று, அது வேறு விஷயம். அதனால்தான் அந்தத் தண்ணீரில் ஒரு சீசா அனுப்பு, இருட்டில் குலுக்கிக் காட்டி அவன் வாயை அடைக்கிறேன் என்று உனக்கு எழுதினேன்.

கருவாட்டு வியாபாரி மொக்கைச்சாமி அதைக் கொண்டுவந்தபோது நான் வயலில் இருந்தேன். தனுஷ்கோடிக் கடல் தண்ணி, உங்க மகன் குடுத்துவிட்டாரு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். உன் ஆத்தாளுக்கு அது போதாதா? சேதுத் தீர்த்தமே வீடு தேடி வந்துவிட்டது என்று தலை முழுகி, சூடம் காட்டி, தெருவுக்கே ஆளுக்கொரு கை ஊற்றிவிட்டாள். மாட்டுக்கும் தெளித்தாள். உப்புக் கரித்ததை ஒருத்தர்கூட வெளியே சொல்லவில்லை. நான் வந்து சேர்ந்தபோது கடைசி ஒரு வாயைப் பயபக்தியோடு கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தவன் யார் தெரியுமா, சோதித்துப் பார்க்க மகளோடு வந்திருந்த உன் மாமன்தான்! நான் தலையில் அடித்துக்கொண்டு விவரம் சொன்னதும் நெற்குதிருக்குப் பின்னால் இருட்டில் போய் நின்று தன் வயிற்றையே குலுக்கிப் பார்த்தான். "ஒண்ணும் எரியல மச்சான், கல்யாணம் கெடயாது" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஜெயக்கொடி, "இதுக்கு எதுக்குப்பா இம்புட்டுச் சண்டை? தையில கட்டிக்கிட்டு நானே போயி அந்தத் தண்ணிய மிதிச்சுப் பாக்குறேன். எரியலைன்னா அடுத்த ரயிலுக்குத் திரும்பி வாரேன்" என்றாள். விருமாண்டி உடனே பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னான். தை பத்தாம் தேதி முகூர்த்தம். இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தில் நிற்காதே. நம் குலசாமி உன்னைக் கைவிடாது, எங்கள் ஆசியும் கூடவே இருக்கும். ஒன்று மட்டும் மறக்காதே. அந்தப் பூச்சிகள் தையிலும் எரியுமா என்று நன்றாக விசாரித்து உடனே எழுது, எரியாது என்றால் கல்யாணத்தை எரிகிற மாதத்துக்கு மாற்றிவிடுகிறேன்.

உன் அப்பன்,
பேயாண்டி