சஹனில் வந்த பர்கர்

வெள்ளிக்கிழமை.

லண்டனிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு தங்கவிருக்கும் மாமி மகள் றிஸானா மச்சி, நல்ல பர்கரும் உருளைக்கிழங்குப் பொரியலும் கிடைக்காவிட்டால் கொழும்புக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். அவள் போனால் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தர யாருமில்லை. அதனால் இன்று கல்முனையின் புதுக் கடைக்கு அவளையும் வாப்பாவையும் நானே இழுத்துப் போனேன்.

கடைக்காரர் மூன்று பர்கரையும் துண்டு துண்டாக வெட்டி, பள்ளிவாசல் கந்தூரிச் சோறு மாதிரி, எல்லாரும் சுற்றியிருந்து தின்னும் ஒரே பெரிய சஹன் தட்டில் வட்டமாக அடுக்கி, நடுவில் பொரியலைக் குவித்து, மேலே தக்காளிச் சோஸைக் கறி ஆணம்போல் ஊற்றிக்கொண்டு வந்தார். பர்கரின் பணிஸ் ரொட்டி இனித்தது. பொரியல் நனைந்த துணி மாதிரிக் கிடந்தது.

“இதென்ன காக்கா, பர்கரா கந்தூரியா?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“குடும்பமாத்தானே வந்திரிக்கீங்க புள்ள, ஒண்டாத் தின்னுங்க.”

மச்சியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவளோ தன் பக்கத்தை முடித்துவிட்டு என் பக்கத்துக்கும் கை நீட்டினாள்.

“அப்ப கொழும்புக்கு எப்ப புள்ள போறாய்?” என்று வாப்பா கேட்டார்.

“ஆரு போற? வாற வெள்ளியும் இங்கதான் மாமா.”

அவள் தங்குகிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இந்தக் குப்பையை நல்ல பர்கரென்று விரல் சூப்பித் தின்ற லண்டன்காரியின் ஆங்கிலம் மட்டும் எப்படி நன்றாக இருக்கும்?