ஆசி கேட்காத மகன்

மார்ச் 3, ஞாயிறு

நேற்று தேவாலய மண்டபத்தில் போட்ட படம் எல்லை தாண்டி நடந்து வருகிற எங்கள் வெனிசுவேலாக்காரர்களைப் பற்றியது. அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். ஒலி சுத்தம், காட்சி கண்ணாடி மாதிரி. பாதியிலேயே பலர் எழுந்துவிட்டார்கள். வாசலில் அரேப்பா ரொட்டி சுட்டு விற்கும் ஒமைரா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்: "நடந்துதானடா வந்தோம், எடிக்சன்? அதை உக்காந்து வேற பாக்கணுமா?"

படம் தேர்ந்தெடுப்பது என் மனைவி மைகுவாலிடாவின் வேலை. புரொஜெக்டர், ஸ்பீக்கர், கேபிள் என் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம், கூக்குட்டாவுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் ஆரம்பித்த இந்தச் சனிக்கிழமை சினிமாவாவது நிற்கக் கூடாது.

மார்ச் 5

இரண்டு ஃபேன் ரிப்பேர். சாப்பிட்டேனா? ஞாபகம் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

நேற்றைய படம் வெளிநாட்டார் எடுத்தது. ஆனால் கதை நடப்பது எங்கள் மரக்காய்போ நகரத்தில். ஏரி, வெயில், எல்லாம் அச்சு அசல். பல வருஷம் கழித்து மகன் வீட்டுக்கு வருகிறான். அம்மாவைக் கட்டிப்பிடிக்கிறான், நேராகச் சாப்பிட உட்காருகிறான்.

ஒமைரா அக்கா எழுந்து கத்தினாள்: "டேய்! ஆசி கேக்காம தட்டுல கை வைக்கிறான் பாரு! யாரு பெத்த புள்ளடா நீ?"

மண்டபம் சிரித்தது. பிறகு காலியானது.

பாதிரியார் எவெலியோ தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அடுத்த வாரமும் ஆள் நிக்கலேன்னா மண்டபத்தைத் தையல் வகுப்புக்குக் குடுத்துருவேம்ப்பா. கோவிச்சுக்காதே."

எனக்கு எப்படித் தெரியாமல் போச்சு? போனை எடுத்தால் ஹலோவுக்கு முன்னாடி "ஆசிம்மா"ன்னுதானே நாங்க ஆரம்பிப்போம்! படத்தை முன்கூட்டியே மூன்று தடவை பார்த்தேன் — ஒலி அளவை மட்டும். மைகுவாலிடாவாயிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி வேறு படம் தேடியிருப்பாள்.

மார்ச் 13

ஒரு பழைய நகைச்சுவைப் படம் கிடைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எடுத்தது. நிறம் வெளுத்து, ஒலியில் ஒரே இரைச்சல். இன்ஜினியராகப் பார்த்தால் குப்பை. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது ஆசி கேட்கிறார்கள். திருடப் போகிறவன்கூட அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறான்.

இதுதான்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று. படத்தில் லாரி ஓட்டுகிற மகள் தூரத்திலிருந்து வீட்டுக்குப் போனில் பேசுகிறாள். "ஆசிம்மா." அதற்குமேல் ஒலிப்பதிவு பழுது, அம்மாவின் பதில் கேட்கவில்லை. நான் ஸ்பீக்கரை நோக்கி ஓடினேன் — அதற்குள் மண்டபமே பதில் சொல்லிவிட்டது: "ஆண்டவன் ஆசி உனக்கு, கண்ணு!" ஒமைரா அக்காவின் குரல் உடைந்திருந்தது. நானும் சொன்னேன்போல. 

படம் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முற்றமெங்கும் போன்கள். "ஆசிம்மா." "ஆசி, மாமா." "கேக்குதா? ஆசிப்பா!" கேபிளைச் சுருட்டினேன். அவிழ்த்து, திரும்பவும் சுருட்டினேன்.

மார்ச் 18

மண்டபச் சாவியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பாதிரியார். இன்னும் சிரிக்கிற படம் வேணும்னு அக்கா கேக்குறா. எனக்கு எங்கே அதெல்லாம் தெரியும்? நீ சொல்லு, மைகு.