நாலு மணிச் சராசரி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் சின்னவளும் வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை. துறைமுகத்தில் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அண்ணனின் படகைத் தேடிப் போனவர்கள் நேற்றும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அண்ணன் கடலுக்குப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள்.

புறப்படும்போது போட்ட சண்டையால் வீம்புக்குத்தான் ரேடியோவில் கூப்பிடாமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. போனில் சொல்லத் தைரியமில்லை, அதனால் இந்தக் கடிதம்.

என் வேலையை ஆகாயத்துக்கு ஜுரம் பார்க்கிற உத்தியோகம் என்று கேலி செய்வீர்களே, கிட்டத்தட்ட அதேதான். வளிமண்டலத்தின் மேல் அடுக்குக்கு ஒரு ரேடியோ அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புகிறதா என்று வரைபடத்தில் குறிப்போம். நடுக்கடலிலிருந்து அண்ணன் பேசுவதும் அங்கே பட்டுத்தான் உங்கள் வீட்டு ரேடியோவுக்கு இறங்குகிறது. விண்வெளியில் வெயிலைப் பிடித்து, நுண்ணலைக் கற்றையாகக் கீழே அனுப்பும் மின்நிலையம் வந்ததிலிருந்து, கற்றை இறங்கும் நேரத்தில் மட்டும் எங்கள் அலை திரும்புவதில்லை. அது மிஷின் கோளாறும்மா, அந்த மணியை அடிச்சுட்டு, முன்னாடி மணிக்கும் பின்னாடி மணிக்கும் சராசரி போட்டுடு என்று பெரிய இன்ஜினியர் சொன்னார். இரண்டு வருஷமாகப் போட்டேன். கோடு அழகாக வந்தது, எல்லோரும் மெச்சினார்கள்.

போன மாதம் கற்றையின் நேரத்தை மதியத்திலிருந்து மூன்று முதல் ஐந்து மணிக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அண்ணன் கடலுக்குப் போனது இதுதான் முதல் தடவை. கிளம்பும் முன், எப்பவும் போல நாலு மணிக்கு வீட்டை ரேடியோவில் பிடிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தாராளமாக என்றேன். நான் போட்ட கோட்டை நானே நம்பினேன், அண்ணி.

நேற்று, நான் அடித்துவிட்ட அசல் தாள்களையெல்லாம் அலுவலகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். போன வருஷம் மின்நிலையத்தைப் பழுதுபார்க்க மூடிய ஒன்பது நாளும் அலை ஒழுங்காகத் திரும்பியிருக்கிறது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை; கற்றைதான் அலையைத் திரும்பவிடாமல் செய்திருக்கிறது. நாலு மணிக்கு மட்டுமாவது கற்றையை நிறுத்துங்கள் என்று மின்நிலையத்தாரிடம் கெஞ்சினேன். எழுத்தில் கொடுங்கள், கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள். கூட்டம் அடுத்த மாதம்.

படகின் என்ஜின் நின்றிருக்கும் என்கிறார் துறைமுக மெக்கானிக். அப்படியானால் பேட்டரியை மிச்சம் பிடிக்க, பேசி வைத்த நேரத்துக்கு மட்டும்தான் ரேடியோவைப் போடுவார்களாம். அதுவும் ஐந்து நாளுக்கு மேல் தாங்காதாம்.

காலையிலும் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். இதற்கு மேல் ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் கூப்பிட்டிருப்பார். பேட்டரி இருந்தவரைக்கும் தினமும் நாலு மணிக்குக் கூப்பிட்டிருப்பார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், வாசல்படி ஏற்றாதீர்கள். அப்பா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார் என்று மட்டும் சின்னவளிடம் சொல்லிவிடாதீர்கள், அண்ணி.

உங்கள் காலில் விழும்,
நாத்தனார்