துரைசானி எழுதியதை நம்பாதே

சார்ல்ஸ்டன், ஆகஸ்டு

என் வயிற்றில் பிறந்த குவாக்கோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். வழக்கத்துக்குச் சொல்வது என்று தாண்டிப் போய்விடாதே, திரும்பவும் படி, நான் நன்றாக இருக்கிறேன். காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி இல்லை, இன்று காலைகூட வீடு முழுவதற்கும் சோறும் நண்டுக் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நான் சாகக் கிடப்பதாகவும் உன் முகத்தைப் பார்க்காமல் உயிர் பிரியாது என்றும் சென்ற கப்பலில் லண்டனுக்கு வந்திருக்கும் கடிதம் துரைசானி தானாக எழுதியது, நான் சொல்லி அல்ல. அதில் உன்னை டைட்டஸ் என்று கூப்பிட்டிருப்பாள். அது எஜமானர் கர்னல் வைத்த பெயர். நம் குடிசைக்குள் உனக்கு இருக்கிற பெயர் பெரிய வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அதை வைத்தே இது என் கடிதம் என்று தெரிந்துகொள். எழுதித் தருகிறவர் பீப்பாய் செய்கிற மிங்கோ மாமா, தன்னைத் தானே விலை கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்டாரே அவர்தான். காய்ச்சல் காலத்துக்கு எல்லாரும் தோட்டத்தை விட்டு நகரத்து வீட்டுக்கு வந்திருக்கிறோம், சந்தைக்குப் போகிற சாக்கில் அவர் பட்டறைக்கு வந்தேன்.

உன்னைப் பணிவிடைக்குக் கூட்டிப்போன கர்னல், லண்டனில் தூதர் வேலை முடிந்து இந்த வருடக் கடைசியில் திரும்புகிறாராம். அந்த ஊர்ச் சட்டப்படி உன்னைப் பலவந்தமாகக் கப்பலேற்ற ஒருவராலும் முடியாது என்று யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், உன் முகமே மாறிவிட்டது என்று துரைசானிக்கு எழுதியிருக்கிறார். உன் தங்கை பீபா தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே துரைசானி தன் தம்பியிடம், அம்மா சாகக் கிடக்கான்னு எழுதினா எந்தப் பிள்ளை வராம இருப்பான் என்று சொல்லிச் சிரித்தாளாம். பீபா ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி முடித்துவிட்டு அடுக்களைக்கு வந்து என் மடியில் விழுந்து அழுதாள். கர்னல் நல்லவர்தானே என்று உனக்கு அங்கே தோன்றியிருக்கலாம், அதனால் சொல்கிறேன். லண்டன் ராஜாவை எதிர்த்த சண்டையில் தொடையில் குண்டு பட்டுச் சதுப்பில் கிடந்தவரை உன் அப்பாதான் முதுகில் சுமந்து கரையேற்றினார். சண்டை முடியட்டும், உன்னையும் உன் பெண்டாட்டி பிள்ளைகளையும் விடுதலை பண்ணிடறேன் என்று கர்னல் முகாமில் எல்லார் முன்னாலும் சொன்னார். உன் அப்பா அம்மை கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார், அந்த வாக்கையும் அதே குழியில் போட்டு மூடிவிட்டார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் முற்றத்தில் நின்று சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது கர்னலுக்குக் கண் கலங்கும். அது நடிப்பில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நீ வராவிட்டால் என்னை அடுக்களையிலிருந்து எடுத்து நெல்வயல் தண்ணீரில் நிறுத்துவார்கள். நிறுத்தட்டும், நான் பிறந்ததே அந்தச் சேற்றில்தான். பீபாவை விற்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். அண்ணனை வரச் சொல்லவா என்று அவளிடமே கேட்டேன். அண்ணன் வந்தா மட்டும் என்னை விக்க மாட்டாங்களா, நம்மள்ல ஒருத்தராவது தப்பிக்கட்டும்மா என்றாள். அதற்கு மேல் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கே குளிர் எலும்பைக் குடையுமாம், கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, ஜின் குடிக்கிறவர்களோடு சேராதே. துரைமார் தலையில் பூசுகிற வெள்ளைப் பொடியில் நம் வயல் அரிசியின் மாவும் உண்டாமே, மிங்கோ மாமா சொன்னதும் சிரித்தேன், பிறகு அழுதுவிட்டேன். சமைக்கத் தெரிந்த பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள். பிள்ளை பிறந்தால் அதற்கு ஒரே பெயர் போதும், ஒளித்து வைக்க இன்னொன்று வேண்டாம்.

ஆண்டவன் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். இதைக் கொண்டுவரும் கப்பல் சமையல்காரர் உன் கையில்தான் கொடுப்பார், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன்னைப் பார்க்க ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே, துறைமுகத்தில் எந்தப் பாய்மரம் தெரிந்தாலும் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் வராதே. துரைசானி மறுபடி எழுதுவாள். என்றாவது ஒரு நாள் அவள் எழுதுவது உண்மையாகவும் இருக்கும். அதையும் நம்பாதே. நீ நம்பாதவரை நான் நன்றாகத்தான் இருப்பேன்.

உன்னைப் பெற்ற
ஜூபா
(கீழே கையெழுத்துக்குப் பதிலாக இருக்கும் கோடு நானே போட்டது, மிங்கோ மாமா என் கையைப் பிடிக்கவில்லை.)